விளையாட்டுச் செய்தியைச் சுமந்த கம்பிகள்

1983ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் இந்தியாவும் ஜிம்பாப்வேயும் மோதின. 17 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து இந்தியா தத்தளித்தபோது களத்தில் நின்ற கேப்டன் கபில்தேவ், ஆட்டமிழக்காமல் 175 ரன்கள் குவித்தார். ஒருநாள் போட்டிகளில் அன்றைய நாள் வரை எவரும் அத்தனை ரன்கள் எடுத்ததில்லை. இந்தியா 31 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த சனிக்கிழமை, ஜூன் 25ஆம் தேதி, கோப்பையையும் வென்றது.

இந்த ஆட்டத்துக்கு ஒளிப்பதிவு கிடையாது. அன்று நடந்த நான்கு போட்டிகளில் இந்தப் போட்டிக்குத் தொலைக்காட்சிக் கேமரா வரவில்லை. 16 பவுண்டரிகள், 6 சிக்ஸர்கள் என்று இன்றும் நாம் சொல்லும் கணக்கெல்லாம் ஸ்கோர் புத்தகத்திலிருந்தும், மைதானத்தில் இருந்த செய்தியாளர்கள் அனுப்பிய சொற்களிலிருந்தும் கிடைத்தவை. இந்தியாவின் பெரும்பாலான நாளிதழ்களுக்கு டன்பிரிட்ஜ் வெல்ஸ் வரை சொந்தச் செய்தியாளரை அனுப்பும் வசதி அப்போது இல்லை. அவை நம்பியிருந்தது செய்தி நிறுவனங்களின் கம்பித் தடத்தைத்தான்.

செய்தியின் தொடக்கத்திலோ முடிவிலோ சிறிய எழுத்தில் "பி.டி.ஐ.", "யு.என்.ஐ." என்று அச்சிடப்படும் மூன்று எழுத்துகளை வாசகர் கண்கள் எளிதாகக் கடந்து விடுகின்றன. எழுதியவரின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால், விளையாட்டு என்பது உள்ளூர்ப் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து தேசத்தின் பொதுப் பேச்சாக வளர்ந்ததில் இந்த மூன்று எழுத்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ராய்ட்டர் காலம்

இந்தியாவில் செய்தி நிறுவனங்களின் வரலாறு வணிகத்தோடு தொடங்கியது. 1866இல் ராய்ட்டர் நிறுவனம் பம்பாயில் அலுவலகம் திறந்தபோது, பருத்தி விலையும் கப்பல் வருகையும்தான் முதன்மைச் செய்திகள். பின்னர் கே.சி. ராய் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா நிறுவனமும் ராய்ட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. உலகச் செய்திகள் இந்தியாவுக்குள் நுழையும் வாசலும், இந்தியச் செய்திகள் வெளியே செல்லும் வாசலும் ஏறக்குறைய ஒரே கையில் இருந்தன.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி முதன்முறையாகத் தங்கம் வென்றது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்த அந்த அணி, ஒரு கோல்கூட வாங்கவில்லை. தியான்சந்த் மட்டும் 14 கோல்கள் அடித்தார். அயல்நாட்டுத் தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம் என்பதால், வீரச்செயலும் கூடச் சில வரிகளுக்குள் அடங்க வேண்டியிருந்தது. எதிரணியின் பெயர், கோல் எண்ணிக்கை, கோல் அடித்தவர் பெயர் என்ற வரிசையில் முக்கியமானதை முதலில் சொல்லி முடித்துவிடும் சிக்கன நடை இப்படித்தான் நிலைபெற்றது. இன்றும் விளையாட்டுச் செய்தியின் முதல் பத்தி அந்த இலக்கணத்தையே பின்பற்றுகிறது.

சென்னையில் பதிவான நிறுவனம்

விடுதலைக்குப் பின் செய்தித் துறையும் தன் காலில் நிற்க விரும்பியது. நாளிதழ்கள் கூட்டாகச் சேர்ந்து, லாப நோக்கமின்றி, பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா எனப்படும் பி.டி.ஐ. நிறுவனத்தை உருவாக்கின. 1947 ஆகஸ்ட் 27ஆம் தேதி அது பதிவு செய்யப்பட்ட இடம் சென்னை. 'தி ஹிந்து' நாளிதழின் கஸ்தூரி ஸ்ரீநிவாசன் அதன் முதல் தலைவர். ராய்ட்டருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1949 பிப்ரவரி 1ஆம் தேதி பணியைத் தொடங்கிய அந்நிறுவனம், 1953இல் முழு சுதந்திரம் பெற்றது.

இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் இந்திய விளையாட்டும் வேகமாக வளர்ந்தது. 1951 மார்ச்சில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தில்லியில் நடந்தன. 1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ், 8 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தி இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

அந்த டெஸ்ட் தொடங்கிய பிப்ரவரி 6ஆம் தேதிதான் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். லண்டனிலிருந்து செய்தி வந்து சேர்ந்ததும் மறுநாள் ஆட்டம் நிறுத்தப்பட்டு, அது ஓய்வு நாளாக மாற்றப்பட்டது. சேப்பாக்கத்தின் ஸ்கோர் வெளியே போன நாளில், லண்டனின் துக்கச் செய்தி உள்ளே வந்தது. விளையாட்டும் அரசியலும் வேறு வேறு பக்கங்களில் அச்சானாலும், வந்து சேரும் வழி ஒன்றாகவே இருந்தது.

பி.டி.ஐ.க்குப் போட்டியாக இருந்த யுனைடெட் பிரஸ் ஆஃப் இந்தியா 1958இல் மூடப்பட்டது. நாட்டுக்கு ஒரே ஒரு பெரிய செய்தி நிறுவனம் மட்டும் இருப்பது நல்லதல்ல என்ற எண்ணத்தில் நாளிதழ்கள் சில இணைந்து யுனைடெட் நியூஸ் ஆஃப் இந்தியா எனும் யு.என்.ஐ. நிறுவனத்தைத் தோற்றுவித்தன. 1961 மார்ச் 21ஆம் தேதி அதன் சேவை தொடங்கியது. தில்லியில் நாடாளுமன்ற வீதியில் பி.டி.ஐ. கட்டடம்; சற்று தொலைவில் ரஃபி மார்க்கில் யு.என்.ஐ. அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்த இரண்டு வாசல்கள் வழியாகவே நாட்டின் விளையாட்டுச் செய்திகளில் பெரும்பகுதி நாளிதழ்களைச் சென்றடைந்தது.

மணி அடிக்கும் இயந்திரம்

டெலிபிரிண்டர் எனப்படும் தொலை அச்சு இயந்திரம் இல்லாத நாளிதழ் அலுவலகம் அக்காலத்தில் இல்லை. தில்லியிலோ பம்பாயிலோ ஒருவர் தட்டச்சு செய்தால், சென்னையிலும் மதுரையிலும் உள்ள இயந்திரங்கள் அதே எழுத்துகளைத் தாள் சுருளில் அடித்துத் தள்ளும். நிமிடத்துக்குச் சுமார் 50 சொற்கள் என்பதே அதன் வேகம். முக்கியச் செய்தி வந்தால் மணி ஒலிக்கும். மணி ஒலித்தால் துணை ஆசிரியர் எழுந்து ஓடுவார். இந்த இயந்திரங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பதற்காக 1960இல் சென்னை கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது.

தடம் ஒன்று, வேகமோ குறைவு. எனவே எந்தச் செய்தி முதலில் போக வேண்டும் என்பது ஒவ்வொரு மாலையும் எழும் கேள்வி. நாடாளுமன்ற விவாதம், ரயில் விபத்து, சந்தை நிலவரம் ஆகியவற்றுக்கு நடுவே விளையாட்டுச் செய்தி தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். உணவு இடைவேளை ஸ்கோர் மாலை நாளிதழுக்கு. ஆட்ட நேர முடிவு ஸ்கோர் காலை நாளிதழின் வெளியூர்ப் பதிப்புக்கு. இரண்டும் குறித்த நேரத்தில் போகாவிட்டால் பயனில்லை.

இவற்றில் கடினமானது கிரிக்கெட் ஸ்கோர் அட்டவணை. ரஞ்சிக் கோப்பை நடக்கும் நாள்களில் ஒரே மாலையில் பல நகரங்களிலிருந்து அட்டவணைகள் வந்து குவியும். ஒவ்வொரு ஆட்டக்காரரின் ரன்களையும் உதிரி ரன்களையும் கூட்டினால் மொத்தம் சரியாக வர வேண்டும். கூட்டுத்தொகை ஒன்று குறைந்தாலும் தவறு எங்கே என்று தேடியாக வேண்டும். கோளாறான தடத்தில் ஓர் எழுத்து பிசகினால் 3 என்பது 8 ஆகிவிடும். பின்னாளில் நூல்களிலும் புள்ளிவிவரத் தொகுப்புகளிலும் இடம்பெறும் எண்களுக்கு அந்த இரவின் கூட்டல் கணக்கே காவல்.

தமிழ் நாளிதழ்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. செய்தி வருவது ஆங்கிலத்தில்; வாசகர் படிப்பது தமிழில். நள்ளிரவில் வந்து சேரும் போலந்து ஓட்டப்பந்தய வீராங்கனையின் பெயரையும், ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனையின் பெயரையும் எப்படி எழுதுவது என்பதைத் துணை ஆசிரியர் சில நிமிடங்களில் முடிவு செய்தாக வேண்டும். கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும் தமிழ் வாசகர்களிடையே ஏற்பட்ட சொல்வளத்தில் பாதி, அச்சுக்குப் போகும் அவசரத்தில் அந்த மேசைகளில் பிறந்ததுதான்.

ஒரே குரல் ஒலித்த காலம்

நெருக்கடி நிலைக் காலத்தில் இந்த அமைப்பு முழுவதும் ஆட்டம் கண்டது. 1976 பிப்ரவரியில் பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி ஆகிய நான்கு நிறுவனங்களும் 'சமாச்சார்' என்ற ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. அரசியல் செய்திகளைக் கட்டுக்குள் வைப்பதே அதன் நோக்கம் என்றாலும், விளையாட்டுச் செய்தியும் அதே ஒற்றை வாய்க்கால் வழியாகவே வந்தது.

அந்த ஆண்டின் ஒலிம்பிக் மாண்ட்ரியலில் நடைபெற்றது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் பதக்கம் பெற்று வந்த இந்தியா, முதன்முறையாக வெறுங்கையுடன் திரும்பியது. அணிக்குக் கிடைத்தது ஏழாவது இடம். அதே போட்டியில் ஸ்ரீராம் சிங் 800 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் 1 நிமிடம் 45.77 விநாடிகளில் ஓடி ஏழாவதாக வந்தார். அந்தத் தேசிய சாதனை 2018 வரை, 42 ஆண்டுகள் நிலைத்தது.

இரண்டு நிறுவனங்கள் போட்டியிட்ட காலத்தில் இரண்டின் செய்திகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது துணை ஆசிரியரின் வழக்கம். ஒன்றில் விடுபட்டது மற்றொன்றில் இருக்கும்; ஒன்றில் பிழையானது மற்றொன்றால் திருத்தப்படும். ஒரே நிறுவனம் என்றானபின் அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. 1978 ஏப்ரலில் 'சமாச்சார்' கலைக்கப்பட்டு நான்கும் மீண்டும் தனித்தனியே இயங்கத் தொடங்கியபோது, போட்டியும் திரும்பியது, சரிபார்ப்பும் திரும்பியது.

நூறில் ஒரு பங்கு விநாடி

அயல்நாட்டுப் போட்டிகளில் கடிகாரமும் ஓர் எதிரி. 1984 ஆகஸ்ட் 8ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் பி.டி. உஷா 55.42 விநாடிகளில் இலக்கை எட்டினார். மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு எடுத்துக்கொண்ட நேரம் 55.41 விநாடிகள். வெண்கலம் நூறில் ஒரு பங்கு விநாடியில் கைநழுவியது.

லாஸ் ஏஞ்சலீஸில் அப்போது மாலை. இந்தியாவிலோ மறுநாள் அதிகாலை. காலைப் பதிப்புகள் அச்சாகி வண்டி ஏறும் வேளை. கண்ணால் பார்த்து மூன்றாமிடம் யாருக்கு என்று சொல்ல முடியாத ஓட்டம் அது. புகைப்பட முடிவு வரும் வரை காத்திருப்பதா, முந்திக்கொண்டு செய்தி அனுப்புவதா? பல மொழிகளில் பல நூறு பதிப்புகளில் ஒரே நேரத்தில் அச்சாகும் செய்தி என்பதால், செய்தி நிறுவனத்தின் ஒரு சொல் தவறினால் நாடு முழுவதும் தவறாகும். முந்த வேண்டும், ஆனால் பிந்தினாலும் பிழைக்கக்கூடாது என்பதே அத்தொழிலின் எழுதப்படாத சட்டம்.

தொலைக்காட்சி தந்த திருப்பம்

1982 நவம்பரில் தில்லியில் தொடங்கிய ஆசிய விளையாட்டுப் போட்டிகள், வண்ணத் தொலைக்காட்சியை இந்திய வீடுகளுக்குக் கொண்டு வந்தன. மறு ஆண்டு உலகக் கோப்பை வெற்றி. அதன்பின் காலை நாளிதழ் வரும் முன்பே முடிவை அறிந்த வாசகர்கள் பெருகினர். யார் வென்றார் என்பதோடு நின்றுவிட்டால் போதாது, ஏன் வென்றார் என்றும் எழுத வேண்டிய நிலை செய்தி நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. செய்தியாளர் சந்திப்பும், பயிற்சியாளர் கருத்தும், ஒப்பீட்டுப் புள்ளிவிவரமும் விளையாட்டுச் செய்தியில் இடம்பிடித்தன.

இந்த மாற்றத்தைக் கண்ட தலைமுறையில் ஒருவர், யு.என்.ஐ. நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியராக இருந்த ஹர்பால் சிங் பேடி. பல ஒலிம்பிக் போட்டிகளைக் களத்திலிருந்து எழுதிய அவர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவின் செய்தித் தொடர்பாளராகவும் பணியாற்றினார். 2024 ஜூனில் அவர் காலமானபோது வீரர்களும் செய்தியாளர்களும் ஒருசேர அஞ்சலி செலுத்தினர். ஆனால், அவர் எழுதிய செய்திகளை ஆண்டுக்கணக்கில் படித்த வாசகர்களில் பலர் அவர் பெயரை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஸ்கோர் யாருடைய சொத்து?

ஒளிபரப்பு உரிமை கோடிகளில் விலைபோகத் தொடங்கியதும் புதிய கேள்வி ஒன்று எழுந்தது. ஆட்டத்தின் காட்சி ஒளிபரப்பு நிறுவனத்துக்குச் சொந்தம் என்பது சரி. ஸ்கோர் யாருக்குச் சொந்தம்?

இது புதிய வழக்கல்ல. 1918இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அசோசியேட்டட் பிரஸ் தொடுத்த வழக்கில் இக்கேள்வி எழுந்தது. நடந்த நிகழ்ச்சி யாருடைய தனிச் சொத்தும் அல்ல. எனினும் போட்டி நிறுவனம் உழைத்துத் திரட்டிய சூடான செய்தியை மற்றொரு நிறுவனம் அப்படியே எடுத்து விற்கக்கூடாது என்று அந்நீதிமன்றம் கூறியது. 1997இல் கூடைப்பந்து ஸ்கோரைப் பேஜர் கருவியில் அனுப்பிய மோட்டோரோலா நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. தொடுத்த வழக்கில், சொந்த முயற்சியில் திரட்டிய ஸ்கோரை அனுப்பத் தடையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் இந்தப் போராட்டம் தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. கைபேசிக் குறுஞ்செய்தி வழியே கிரிக்கெட் ஸ்கோர் அனுப்பிய நிறுவனங்களுக்கு எதிராக ஸ்டார் இந்தியா வழக்குத் தொடுத்தது. 2013 மார்ச்சில் தனி நீதிபதி, கட்டணம் பெற்று அனுப்பும் ஸ்கோருக்கு 15 நிமிட இடைவெளி வேண்டும் என்ற வகையில் கட்டுப்பாடு விதித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ஏற்கவில்லை. ஆட்டத்தின் தகவல்களுக்குத் தனியுரிமை கோர முடியாது என்பது அமர்வின் கருத்து. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

புகைப்படத்திலும் இதே மோதல் உருவானது. 2012 நவம்பரில் இங்கிலாந்து அணியின் இந்தியச் சுற்றுப்பயணத்தின்போது கெட்டி இமேஜஸ் உள்ளிட்ட புகைப்பட நிறுவனங்களுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் அனுமதி மறுத்தது. அதைக் கண்டித்து ராய்ட்டர், அசோசியேட்டட் பிரஸ், ஏ.எஃப்.பி. ஆகிய நிறுவனங்கள் அத்தொடரின் படங்களை அனுப்புவதையே நிறுத்திக்கொண்டன. யார் எழுதலாம், யார் படமெடுக்கலாம் என்பதை ஆட்டத்தை நடத்துபவரே தீர்மானித்தால், நடத்துபவருக்குப் பிடிக்காத செய்தி வெளிவருவது எப்படி என்பதே அதன் உட்பொருள்.

ஸ்கோருக்கு அப்பால்

இந்தக் கேள்வி வெறும் வாதமல்ல. விளையாட்டுச் செய்தியில் நாட்டை உலுக்கியவை பல, மைதானத்துக்கு வெளியே நடந்தவை. 2000 ஏப்ரல் 7ஆம் தேதி தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியேவின் சூதாட்டத் தொடர்பை அறிவித்தது தில்லி காவல் துறை. 2010 செப்டம்பரில் காமன்வெல்த் போட்டிகளுக்குச் சில நாள்களே இருந்தபோது ஜவாஹர்லால் நேரு மைதானம் அருகே கட்டப்பட்டு வந்த நடை மேம்பாலம் இடிந்து விழுந்தது. 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் அமர்ந்து நீதி கேட்டனர். இவற்றில் எதற்கும் ஒளிபரப்பு உரிமை விற்கப்படவில்லை. செய்தியாளர் சென்றார்; எழுதினார்; நாடு அறிந்தது.

ஆனால், செய்தியாளரை அனுப்பும் நிறுவனங்களின் நிலை முன்போல் இல்லை. அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி, 2020 அக்டோபரில் பி.டி.ஐ., யு.என்.ஐ. இரண்டின் சந்தாவையும் கைவிட முடிவு செய்தது. ஊழியர்களுக்கு ஊதியம் வழங்க முடியாமல் பல ஆண்டுகளாகத் திணறிய யு.என்.ஐ., 2023இல் திவால் தீர்வு நடைமுறைக்கு உட்படுத்தப்பட்டது. ஒரே குரல் போதாது என்று கருதி 1961இல் தொடங்கப்பட்ட நிறுவனத்துக்கே இந்த நிலை.

கிரிக்கெட்டுக்கு இதனால் பெரிய இழப்பில்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு பந்தின் விவரமும் அது வீசப்பட்ட சில நொடிகளில் கைபேசிக்கு வந்துவிடுகிறது. தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால், கேமரா போகாத மைதானங்கள் இந்த நாட்டில் இன்னும் ஏராளம். தேசிய ஜூனியர் தடகளப் போட்டி, மாநிலங்களுக்கு இடையிலான கபடி, பளு தூக்கும் வீராங்கனைகள் தேர்வு, மாற்றுத் திறனாளிகள் போட்டி ஆகியவற்றின் முடிவுகளைப் பதிவு செய்ய யாரேனும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

2016 ஜூலை 23ஆம் தேதி போலந்தின் பிட்கோஸ் நகரில், 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டியில், ஓர் இந்திய இளைஞர் ஈட்டியை 86.48 மீட்டர் தொலைவுக்கு எறிந்து உலக ஜூனியர் சாதனையுடன் தங்கம் வென்றார். ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் கெடு 12 நாள்களுக்கு முன்பே முடிந்துவிட்டதால் அவரால் அங்கே செல்ல முடியவில்லை. அந்த நாளில் நீரஜ் சோப்ராவின் பெயரை அறிந்திருந்த இந்தியர்கள் மிகச் சிலரே. மறுநாள் நாளிதழ்களில் செய்தி நிறுவனங்களின் பெயரோடு வந்த சில பத்திகள்தான் அவரை நாட்டுக்கு அறிமுகம் செய்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அவர் தங்கம் வென்றதை நாடே நேரலையில் பார்த்தது.

வெற்றி பெற்றபின் பார்க்கக் கோடிக் கண்கள் உண்டு. வெற்றிக்கு முன், யாரும் பார்க்காத மைதானத்தில், எறிந்த தொலைவையும் ஓடிய நேரத்தையும் பிழையின்றிக் குறித்து நாடு முழுவதற்கும் அனுப்பும் ஒரு கை தேவை. முக்கால் நூற்றாண்டாக அந்த வேலையைச் செய்தவை செய்தி நிறுவனங்கள். கம்பிகள் போய்விட்டன, டெலிபிரிண்டர்கள் அருங்காட்சியகம் சேர்ந்துவிட்டன. அந்தக் கை இல்லாமல் போனால், கேமரா தேடிப்போகும் ஓரிரு ஆட்டங்களைத் தவிர மற்றவை நடந்தன என்பதற்கே சான்று இருக்காது.